ஏன் போனாய் என்று கேட்காத ஊர்

இங்கிலாந்தின் வடக்கே, எங்கள் சுரங்க ஊரான ஆல்டர்சைக்கில் ஒருவனைத் திட்டினால் அவன்மேல் இன்னும் கொஞ்சம் பாசம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். உண்மையான கோபம் வந்துவிட்டால் நாங்கள் வாயையே திறக்க மாட்டோம். நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின் கடைசி மாதம், ஊரே அரைப்பட்டினி கிடந்த நேரத்தில், நிர்வாகம் அனுப்பிய பேருந்தில் ஏறி ஏழெட்டுப் பேர் வேலைக்குப் போனார்கள். அன்றோடு ஊர் அவர்களிடம் பேச்சை நிறுத்தியது. கிளப்பில் அவர்களுக்கு பீர் ஊற்ற மாட்டார்கள். முடிவெட்டும் கடையில் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் "ஆள் இருக்கு" என்பார்கள். ஏன் போனாய் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் அது பேச்சாகிவிடுமே!

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவன் வில்ஃப் சக்டன். அவனோடு பேசாதவர்களில் முதல் ஆள் அவன் பெண்டாட்டி நோரா. ஒரே கூரை, ஒரே அடுப்பு. ஆனால் இரண்டரை வருஷமாக "கேஸ்காரன் வந்துட்டுப் போனான்", "மழை வருது, கொடியில துணி கிடக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவள் பின்னறையில் படுத்தாள், அவன் முன்னறையில் படுத்தான். சும்மா சொல்லக்கூடாது, வைராக்கியம் என்றால் அப்படியொரு வைராக்கியம்.

நோராவின் கதையை அவள் தம்பி கிளெம்மை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. கிளெம் தவழ்கிற வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட். வகுப்பில் சரித்திரப் பாடத்தை மணிமணியாகச் சொல்கிற பெண் என்று பெயரெடுத்திருந்த நோரா, பள்ளிக்கூடப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தம்பிக்குக் கஞ்சி கிளற உட்கார்ந்தாள். அப்புறம் பக்கத்து டவுனில் சட்டைத் தொழிற்சாலை. நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வந்து, ராத்திரி அவனுக்குக் கிழிந்த காலுறை தைப்பாள். வில்ஃப் அவளைப் பெண் பார்க்கிற காலத்தில்கூடப் பூ வாங்கி வரவில்லை, கிளெம்முக்கு மிட்டாய் வாங்கி வந்தான். அதில்தான் விழுந்தாள் நோரா. கல்யாணத்துக்குச் சீதனமாக அவள் கொண்டுபோனது அந்தத் தம்பியைத்தான். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறக்காததைப் பற்றி இரண்டு பேரும் பெரிதாக வருத்தப்படவும் இல்லை. அதுதான் ஒருத்தன் இருக்கிறானே! பதினாறு வயதில் கிளெம் முதன்முதலாகச் சுரங்கக் கூண்டில் இறங்கியபோது பயத்தில் வில்ஃபின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. பிறகு அவனுக்கும் கல்யாணமாகி, ஒரு குழந்தையும் பிறந்து, தனி வீட்டுக்குப் போனான்.

வேலைநிறுத்தம் வந்தது. யாரிடமும் நிமிர்ந்து பேசாத நோரா, தொழிலாளர் நலமன்றக் கூடத்தில் பட்டினி கிடந்த குடும்பங்களுக்காகப் பெண்கள் நடத்திய சமையலுக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். மூன்றாம் மாதம் அந்தச் சமையலறையே அவள் கையில் இருந்தது. ஆறாம் மாதம் ஷெஃபீல்டு நகரத்தில் மேடையேறி மைக்கைப் பிடித்துப் பேசினாள். வேலைக்குப் போகலாமா என்று ஊசலாடிய ஒருத்தனின் வீட்டுக் கதவில் பாவாடையைத் தொங்கவிட்டு, "இதைக் கட்டிக்கிட்டுப் போடா" என்று கத்தியவளும் அவள்தான். நானே பார்த்தேன். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிப்ரவரி மாதம் ஒரு விடிகாலை. சுரங்க வாசலில் பெண்கள் வரிசை கட்டி நின்றோம். முன்வரிசையில் நோரா. ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடித்த பேருந்து மெதுவாக வந்தது. "கருங்காலி! கருங்காலி!" என்று கத்தினோம். உள்ளே இருந்தவர்கள் முகத்தை மூடியிருந்தார்கள். மூன்றாவது ஜன்னலில் ஒரு பச்சை மஃப்ளர். கிளெம்முடைய சின்ன வயசு ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலில் வில்ஃபுக்கென்று நோரா கையால் பின்னிய மஃப்ளர். அவள் வாயில் இருந்த வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. கருங்… என்று மட்டும் வந்தது. அவள் சரிந்தபோது, எங்கிருந்தோ ஓடிவந்து தாங்கியவன் கிளெம்.

"அழாதேக்கா. அந்தாளு போனா போறான். நான் இருக்கேன்ல, நான் இருக்கேன்."

அன்று சாயங்காலமே வில்ஃபின் வீட்டுச் சுவரில் வெள்ளைப் பெயின்டில் கருங்காலி என்று ஆளுயர எழுத்து. பெயின்ட் டப்பாவும் கையுமாக முன்னால் நின்றவன் கிளெம்தான், அதையும் ஊரே பார்த்தது. சொந்த அக்கா புருஷனென்றும் பார்க்காமல் எழுதினானே, இவனல்லவா ஆம்பளை என்று தோளில் தட்டினார்கள். மூன்று வாரம் கழித்து வேலைநிறுத்தம் தோற்று, பேண்டு வாத்தியத்தோடு கொடி பிடித்துச் சுரங்கத்துக்குத் திரும்பிய நாளில், சங்கக் கொடியின் முன்கம்பை கிளெம் கையில் கொடுத்தார்கள். நோரா அந்தச் சுவரைக் கழுவவில்லை. வில்ஃபும் கழுவவில்லை. மழையில் நனைந்து நனைந்து எழுத்து மங்கியது, ஆனாலும் போகவில்லை.

அடுத்த வருஷமே சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். போனவன், போகாதவன் எல்லோரும் ஒன்றாகத் தெருவில் நின்றோம். வில்ஃப் பக்கத்து ஊர்க் கல்லறையில் புல் வெட்டுகிற வேலைக்குப் போனான். செத்தவர்கள் அவனோடு பேசாததில் புதிதாக ஒன்றும் இல்லை என்று அதிலும் ஒரு கேலி இருந்தது எங்களுக்கு.

நோராவுக்கு அந்தச் சமையலறையோடு எல்லாம் முடிந்துபோனது. மேடையில் பேசிய வாய் மறுபடி காலர் தைக்கப் போக மறுத்தது. பழைய பள்ளிக்கூடத்தில் சாயங்கால சரித்திர வகுப்பு தொடங்கியதும் போய் உட்கார்ந்தாள். பாடம் எடுத்தது ஜூடித் என்ற பெண். வயதில் நோராவைவிடச் சின்னவள், பொறுமைசாலி. அவள்தான் சொன்னாள், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கென்றே ஒரு விடுதிக் கல்லூரி இருக்கிறது, இரண்டு வருஷம், சாப்பாடு, தங்குமிடம், உதவித்தொகை எல்லாம் உண்டு, ஒரு நல்ல கட்டுரை எழுதிக் காட்டினால் இடம் கிடைக்கும் என்று.

நோரா வகுப்பை விட்டு வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டாள். கட்டுரை எழுதுவாள், இடம் கிடைக்கும், பெட்டியைக் கட்டுவாள், அந்த வீட்டுக்குத் திரும்பமாட்டாள். கருங்காலி வீட்டிலிருந்து வெளியேற அவளுக்கு இருந்த ஒரே கதவு அந்தக் கட்டுரைதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைக் கிளெம் வீட்டில் போய்ச் சமைப்பது அவள் வழக்கம். வில்ஃப் இருக்கிற வாசலைக் கிளெம் மிதிக்கமாட்டானாம். அந்த ஞாயிறு கிளெம் வீட்டில் இறைச்சி வறுபடும்போது அவனிடம் சொன்னாள்.

"போக்கா போ. எப்பவோ போயிருக்கணும் நீ. அந்தாளு மூஞ்சியில முழிச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள்?" என்றான் கிளெம்.

"இடம் கிடைக்கணுமேடா."

"உனக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்? நீ போயிட்டா அவன் தனியாக் கிடந்து சாவட்டும். அந்தப் பேச்சையே விடு, குழம்பை ஊத்து."

கட்டுரைக்குத் தலைப்பு: 'சிலுவைப் போர்களுக்கு மக்கள் ஏன் போனார்கள்?' எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை. பிரான்சிலிருந்தும் எங்கள் இங்கிலாந்திலிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் தோளில் துணிச்சிலுவை தைத்துக்கொண்டு, பார்த்தே இராத ஜெருசலேமைச் சண்டை போட்டுப் பிடிக்க நடந்து போனார்கள். பாதிப் பேர் வழியிலேயே செத்தார்கள். ஏன் போனார்கள்?

ஜூடித்துக்கு ஒரு முறை உண்டு. பேனாவை எடுக்கக் கூடாது. முதலில் ஒரு காரணத்துக்கு ஒரு அட்டை. அட்டைகளை மேசையில் பரப்பி, எது பெரிய காரணம், எது எதைத் தள்ளிவிட்டது என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அடுக்கு நின்றால் கட்டுரை நிற்கும். நோரா கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியை வெட்டி அட்டை செய்துகொண்டாள். பாவம் தீரும் என்ற நம்பிக்கை, ஒரு அட்டை. நிலமும் கொள்ளையும் கிடைக்கும் என்ற ஆசை, ஒன்று. பிரபு கிளம்பினார், கூடவே நாமும் கிளம்பினோம், அது ஒன்று. ஊர் சிரிக்கும் என்ற வெட்கம், ஒன்று. அந்த வெட்கத்தைப் படித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போகாமல் வீட்டில் தங்கியவனுக்குக் கம்பளி நூலும் நூற்கிற கதிரும் அனுப்பிவைப்பார்களாம், பெண்பிள்ளை மாதிரி உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிரு என்று. தான் கதவில் மாட்டிய பாவாடையை நினைத்துக்கொண்டாள். எண்ணூறு வருஷத்தில் நமக்குப் புதிதாக ஒரு கேலிகூடத் தோன்றவில்லையே என்று வகுப்பில் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. முதலில் எல்லாம் கல்யாணமானவன் பெண்டாட்டியின் சம்மதம் இல்லாமல் சிலுவை எடுக்க, அதாவது போருக்குப் போகிறேன் என்று சத்தியம் செய்யக் கூடாது என்று விதி இருந்ததாம். ஆள் போதவில்லை என்றதும் ஒரு போப்பாண்டவர் அதை மாற்றிவிட்டார், கேட்கவேண்டியதில்லை, நீ பாட்டுக்குப் போ என்று. நோரா பெரிய எழுத்தில் ஒரு அட்டை எழுதினாள். பெண்டாட்டியைக் கேட்கவில்லை.

ஜூடித் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நோரா, இது போறதுக்குக் காரணம் இல்லையே. தடையை எடுத்தாங்க, அவ்வளவுதானே?"

"கேக்கணும்னு இருந்திருந்தா பாதிப் பேரு போயிருக்கமாட்டாங்க, ஜூடித்."

"இருக்கலாம். ஆனா அவன் ஏன் கேக்கலைன்னு நீங்க சொல்லணுமில்ல? அவன் மனசுல என்ன இருந்துச்சு? போனவங்க வெளியில சொன்ன காரணமும், உண்மையில போன காரணமும் ஒண்ணுதானா? அதுதான் இந்தக் கேள்வியோட உயிரே."

"அது எப்படித் தெரியும்? எழுதி வெச்சதெல்லாம் பாதிரிமாருங்க. சாதாரண ஆளை யாரு போய்க் கேட்டாங்க?"

"அதையே எழுதுங்க" என்றாள் ஜூடித்.

செவ்வாய்க்கிழமை. வியாழன் அன்று கட்டுரை கொடுக்க வேண்டும். நோரா அடுக்களை மேசை முழுக்க அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். எப்படி அடுக்கினாலும் நிற்கவில்லை. நம்பிக்கையை மேலே வைத்தால் ஆசை இடித்தது, ஆசையை மேலே வைத்தால் செலவு செய்து போய்ச் செத்தவர்கள் இடித்தார்கள். வில்ஃப் வேலையிலிருந்து வந்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டு, அவனுக்கு மூடி வைத்திருந்த தட்டை எடுத்தான். மேசையில் வைக்க இடமில்லை. தட்டைக் கையில் பிடித்தபடி நின்றே சாப்பிட்டான். உருளைக்கிழங்கைக் குத்திக் குத்தி வாயில் போட்டுக்கொண்டே அட்டைகளைப் படித்தான். படிக்கட்டும் என்று விட்டாள். பெண்டாட்டியைக் கேட்கவில்லை என்ற அட்டையை அவன் பக்கமாகத் திருப்பிவைத்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணு விட்டுப்போச்சு" என்றான்.

கேஸ்காரன், மழை, துணி தவிர வேறொரு பேச்சு. நோரா தலையைத் தூக்கவில்லை. பதில் சொன்னால் பேச்சாகிவிடும். ஆனால் வியாழக்கிழமை கட்டுரை கொடுக்கவேண்டுமே!

"எது?"

"'நீ வந்தா நானும் வர்றேன்.' அது இல்லை இதுல."

"புரியலை."

"தனியா எவனும் கிளம்பியிருக்கமாட்டான், நோரா. ஒருத்தன் வந்து சொல்லியிருப்பான், என்னால முடியலை, நான் போகப்போறேன், ஆனா தனியாப் போக பயமாயிருக்கு, நீ கூட வான்னு. சின்னப்பய கேக்கறான்னு இவனும் சரின்னுருப்பான். அப்படித்தான் போவாங்க." சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

இரண்டரை வருஷமாக ஊர் கேட்காத கேள்வியை, தானும் கேட்காத கேள்வியை, நோரா கட்டுரைக்காகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நீ ஏன் போனே?"

வில்ஃப் நின்றான். கதவுப்பிடியில் கை அப்படியே இருந்தது. "வேணாம் நோரா."

"ஏன் போனேன்னு கேட்டேன். எந்தச் சின்னப்பய?"

"வேணாம்னா விடேன்!"

"வில்ஃப். சொல்லு."

அவன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அட்டைகளைப் பார்த்தே பேசினான். கிளெம்முடைய பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாளாம். கிளெம் ஒரு மாலை வில்ஃபின் தோட்டக் குடிசைக்கு வந்து குழந்தை மாதிரி அழுதானாம். மாமா, நான் வேலைக்குப் போறேன், தனியாப் போனா கொன்னுடுவாங்க, நீங்க வந்தா வர்றேன் என்று. ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றால் சந்தேகம் வரும், மாமா சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் ஏறட்டும், நான் அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்கிறேன் என்று திட்டம் போட்டதும் அவன்தானாம்.

"அடுத்த நிறுத்தம் வந்துச்சு. அவன் இல்லை. சரி, அதுக்கடுத்ததுல நிப்பான்னு பார்த்தேன். ஒவ்வொரு முக்குலயும் பார்த்துக்கிட்டே வந்தேன், நோரா. அதுக்குள்ள வாசல் வந்துருச்சு. முன்னாடி நீ நிக்கறே."

"இறங்கியிருக்கலாம்ல?"

"இறங்கியிருக்கலாம்" என்றான் வில்ஃப். "எனக்கும் மனசு தளர்ந்துபோச்சு. அதையும் அவன் தலையில கட்டமாட்டேன். காலு எழும்பலை."

நோரா எழுந்து தொட்டிக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வாசலில் தன்னைத் தாங்கிய கை ஞாபகம் வந்தது. நான் இருக்கேன்ல, நான் இருக்கேன். சுவரில் எழுதிய கையும் அதுதானே. கொடி பிடித்ததும் அதுதானே. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாளே!

"இத்தனை நாளா வாயில என்ன வெச்சிருந்தே நீ?"

"அவன் என் காலைப் பிடிச்சு அழுதான், யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு. வாக்குக் குடுத்துட்டேன். அதுவும் இல்லாம… நீ வளர்த்த பிள்ளை. என்னைத்தான் இழந்துட்டே. அவனையும் எதுக்கு இழக்கணும்னு நெனச்சேன்."

"யாரு நெனச்சா? நீயா? என்னைக் கேட்டியா?"

நோராவின் விரல், பெண்டாட்டியைக் கேட்கவில்லை என்ற அட்டைமேல் இருந்தது.

"பஸ்ஸுல ஏறுறப்பவும் கேக்கலை. மூடி மறைக்கறப்பவும் கேக்கலை. இரண்டரை வருஷம் உன்னை நான் மனுசனாவே மதிக்கலை, வில்ஃப்! பின்னறையில படுத்துக்கிட்டு உன் இருமலைக் கேட்டுக்கிட்டு, எப்ப நிக்கும்னு கிடந்திருக்கேன். அந்தப் பாவத்தை எனக்கு நீ எப்படிக் குடுக்கலாம்?" அட்டையை அவன் முன்னால் தள்ளினாள். "பெரிய தியாகி மாதிரி உக்காந்திருக்காதே. எந்திரிச்சுப் போ."

அவன் எழுந்து போனான்.

ஆனாலும் ஒருவன் சொன்னதை வைத்து இன்னொருவனைத் தீர்க்கிற ஆள் இல்லை நோரா. மறுநாள் மதியமே கிளெம் வீட்டுக்குப் போனாள். கிளெம் நாளிதழில் குதிரைப் பந்தயப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னக்கா, புதன்கிழமை வந்திருக்கே என்று சிரித்தான். அவள் உட்காரவில்லை.

"பிப்ரவரி மாசம் எந்த நிறுத்தத்துலடா நீ ஏறுறதா இருந்தே?"

நாளிதழ் மடியிலிருந்து நழுவியது. இல்லை என்று சொல்லியிருந்தால், என்ன உளர்றே என்று கத்தியிருந்தால், நோரா ஒருவேளை அவனை நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் மனசு தவித்தது. ஆனால் கிளெம் சொன்னது இதுதான்:

"சொல்லிட்டானா அந்தாளு? சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணானேக்கா! எவ்வளவு பெரிய துரோகம் பாரு!"

நோரா அவனையே பார்த்தாள். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. தனக்கு அநியாயம் நடந்துவிட்டதென்று அவன் நிஜமாகவே நம்பினான்!

"அக்கா, நான் கோட்டு போட்டுக்கிட்டுதான் நின்னேன், சத்தியமா. கதவைத் திறந்தேன். தெருவுல நீங்கல்லாம் கும்பலாப் போறீங்க. நீ முன்னாடி போறே. எப்படிக்கா வருவேன்? உன் எதிர்ல எப்படி…"

"அதான் மாமாவை அனுப்பிட்டியா?"

"அவரு அதுக்குள்ள ஏறிட்டாரே! நான் என்ன பண்ணட்டும்?"

"அன்னிக்கு சாயங்காலம் சுவத்துல எழுதினியே?"

"எல்லாரும் என்னையே பார்த்தாங்கக்கா. எழுதலைன்னா சந்தேகப்பட்டிருப்பாங்க." கிளெம் எழுந்து அவள் கையைப் பிடித்தான். "ஊர்ல சொல்லிடாதேக்கா. கொடியெல்லாம் பிடிச்சிருக்கேன். என் பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. உன் காலைத் தொடுறேன், சொல்லிடாதே. இதுல நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"சரி" என்றாள் நோரா. "பேசலை."

கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். அதுதான் அவள் தன் தம்பியிடம் பேசிய கடைசி வார்த்தை.

அன்றைக்கே மேசையில் எல்லா அட்டைகளையும் கலைத்தாள். கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியில் மிச்சமிருந்த துண்டில் 'நீ வந்தால் நானும் வருகிறேன்' என்று எழுதி நடுவில் வைத்தாள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்தன. புத்தகங்களைப் புரட்டினால் ஆதாரம் வரிசையாக வந்தது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று குடும்பம் குடும்பமாகத்தான் போயிருக்கிறார்கள். சிலுவை எடுக்கிறேன் என்று ஊர் நடுவில் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பாமலே வீட்டில் இருந்துகொண்டவர்களும் ஏராளம். அவர்களை நம்பிக் கிளம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு பாதிரியாரும் எழுதவில்லை. கட்டுரையின் கடைசிப் பத்தியில், வீட்டில் இருந்த பெண்களை யாரும் கேட்கவில்லை, போனவர்களும் கேட்கவில்லை, போகாதவர்களும் கேட்கவில்லை என்று எழுதி முடித்தாள். வியாழக்கிழமை கொடுத்தாள். ஜூடித் ஓரத்தில் இரண்டு இடத்தில் 'ஆதாரம் இன்னும் வேண்டும்' என்று எழுதினாள். இடம் கிடைத்தது.

கிளெம்மைக் கடையில் பார்த்தால் நோரா நகர்ந்துவிடுவாள். தெருவில் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பதுபோல அவனைக் கடந்து போவாள். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் நின்றது. ஊர் மூக்கின்மேல் விரலை வைத்தது. "என்னாச்சு நோரா, வளர்த்த பிள்ளையாச்சே?" என்று நாங்கள் கேட்டோம். அவள் வாயைத் திறக்கவில்லை. நோரா அப்படி வாயை மூடினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்று எங்களுக்கு இரண்டரை வருஷமாகத் தெரியும். ஒவ்வொருத்தராகக் கிளெம்மை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம். கேட்கத்தான் இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ரொம்ப வருஷம் கழித்து, நோரா தன்னிடம் சொன்னதையும் சேர்த்து, வில்ஃபே சொன்னான். அதற்குள் நான் அவனோடு பேசத் தொடங்கியிருந்தேன்.

செப்டம்பரில் கல்லூரி திறந்தது. முந்தின நாள் நோரா அடுக்களையில் வில்ஃபின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டத்தில் பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

"அப்ப… போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டான் அவன், கொஞ்சம் ஆசையோடு.

"போறேன். உன்னைக் கேக்கலை, சொல்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். பட்டாணியை இப்படிக் குழைய விடாம வேக வெச்சு வை."

"வருவியா?"

"வருவேன்னு சொன்னேன். மன்னிச்சுட்டேன்னு சொல்லலை. அந்தச் சுவத்தை மட்டும் கழுவி வை, பார்க்கவே எரிச்சலா இருக்கு."

மறுநாள் காலை வில்ஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை வந்தான். சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள நிறுத்தம்தான், அவர்கள் வீட்டுப் பக்கத்தில் வேறு நிறுத்தம் கிடையாது. நோரா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி அடுத்த நிறுத்தத்தில் நின்றது. அங்கே கிளெம் நின்றுகொண்டிருந்தான். கோட்டு போட்டிருந்தான். ஏறவில்லை. ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினான்.

"அக்கா! ஒரே ஒரு வார்த்தை பேசுக்கா! திட்டிட்டாவது போ!"

தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் நோராவைப் பார்த்து, "உங்களைத்தான் கூப்பிடறார் போலம்மா. பேசிட்டு வாங்க, நிக்கறேன்" என்றார்.

நோரா மடியில் இருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சவர் இல்லை. நீங்க வண்டியை எடுங்க" என்றாள்.